எட்டு மாசமாச்சு, இன்னும் உட்காரலீங்க

கேள்வி: நாங்க சோமனூர் பக்கமுங்க. வீட்டை ஒட்டியே விசைத்தறி இருக்குதுங்க. எங்க பொண்ணு 29 வாரத்துல, 1,120 கிராமுல பொறந்தா. 52 நாள் ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்க. கண்ணுக்கு லேசர் பண்ணினாங்க. இப்ப 8 மாசம் முடிஞ்சுது, எடை 5.9 கிலோ. தலை நிக்குது, முகம் பார்த்துச் சிரிக்கறா. ஆனா குப்புற விழுகறதில்லைங்க, உட்காரவும் இல்லை. காலை நேரா விறைச்சுக்கறா, கட்டை விரலை உள்ள மடக்கிக்கறா. கொழுந்தனார் பையனும் இதே மாசந்தான், அவன் உட்கார்ந்து வெளையாடறான். வாரம் ரெண்டு நாள் கோயமுத்தூருக்குப் பஸ்ஸுல பிசியோதெரபிக்குப் போறோம். "இன்னும் எத்தனை மாசத்துக்கு?"ன்னு வீட்டுக்காரர் கேட்கறார். அத்தை வாக்கர் வாங்கலாம், தொக்கம் எடுத்துப் பார்க்கலாம்ங்கறாங்க. இரும்புச் சொட்டு மருந்து குடுத்தா கருப்பா வெளிய போகுதுன்னு நிறுத்திட்டோம். லேசருக்கப்புறம் கண்ணு டாக்டர்கிட்ட ஒருக்காத்தான் போனோம். நான் தறியில நின்னதாலதான் இப்படி ஆச்சுங்களா? அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமுங்களா?

பதில்: முதலில் வயதைச் சரியாகக் கணக்கிடுவோம். முழு மாதக் கணக்கு 40 வாரம். உங்கள் மகள் பிறந்தது 29-ல். 11 வாரம் முந்திவிட்டாள், ஏறக்குறைய இரண்டரை மாதம். 8 மாதத்தில் அதைக் கழித்தால் ஐந்தரை மாதம் வரும். இதைத் திருத்திய வயது என்போம். 2 வயது வரை வளர்ச்சியையும் எடையையும் இந்த வயதை வைத்தே பார்க்க வேண்டும். ஐந்தரை மாதக் குழந்தை உட்காராதது தாமதமே இல்லை. பிடிமானம் இல்லாமல் உட்காருவது பொதுவாக 6 மாதத்துக்குப் பிறகு வரும், 9 மாதம் வரைகூட ஆகலாம். புரளுவதற்கும் இன்னும் காலம் இருக்கிறது. கொழுந்தனார் பையன் முழு மாதத்தில் பிறந்தவனாக இருந்தால் இவளுக்கு அவன் இரண்டரை மாதம் மூத்தவன். அவனோடு ஒப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஆனால் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: காலை விறைத்துக்கொள்வது, கட்டை விரலை உள்ளே மடக்குவது. ஒரு செயல் தள்ளிப்போனால் திருத்திய வயதைச் சொல்லிப் பொறுத்திருக்கலாம். இறுக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. திருத்திய வயது 4 மாதம் ஆனபோதே கை பெரும்பாலும் விரிந்திருக்க வேண்டும். ஐந்தரையிலும் கட்டை விரல் உள்ளங்கைக்குள்ளேயே இருந்தால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி. "குறைமாதக் குழந்தை, போகப்போகச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும், அது உட்காருவதற்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

கால் ஏன் முதலில் இறுகுகிறது? மூளையின் நடுவில் நீர் நிறைந்த அறைகள் உள்ளன. அவற்றைச் சுற்றியுள்ள வெண்பகுதி 24 முதல் 32 வாரம் வரை மிக மென்மையாக இருக்கும். அப்போது இரத்த ஓட்டமோ ஆக்சிஜனோ குறைந்தால், தொற்று வந்தால், முதலில் அடிபடுவது அந்த இடம். கால்களுக்குப் போகும் நரம்பிழைகள் அந்த அறைகளை ஒட்டியே இறங்குகின்றன. அதனால்தான் குறைமாதக் குழந்தைகளில் கையைவிடக் கால் அதிகம் இறுகுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். தலை ஸ்கேன் முடிவில் ஐ.வி.எச். (மூளை அறைகளுக்குள் இரத்தக் கசிவு), பி.வி.எல். (அறைகளைச் சுற்றிய வெண்பகுதிச் சேதம்) என்ற எழுத்துகள் இருந்தால் அந்தத் தாளை அடுத்த முறை கண்டிப்பாகக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டாலும் கொண்டுபோங்கள், ஸ்கேன் சரியாக இருந்தும் இறுக்கம் வருவதுண்டு.

மருத்துவரிடம் 'ஹேமர்ஸ்மித்' நரம்புப் பரிசோதனையைப் பெயர் சொல்லியே கேளுங்கள். 26 அம்சங்கள், மொத்தம் 78 மதிப்பெண், பத்துப் பதினைந்து நிமிட வேலை. ஊசி, மருந்து எதுவும் இல்லை. அந்த மதிப்பெண்ணையும் பழைய தலை ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்துத்தான் எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று முடிவெடுப்பார்கள். இந்த இறுக்கம் இரண்டில் ஒன்றாக முடியலாம். சில குறைமாதக் குழந்தைகளுக்கு முதல் வருடத்தில் வந்து, 12 முதல் 18 மாதத்துக்குள் தானாகத் தளர்ந்துவிடும். சிலருக்கு அது பெருமூளை வாதத்தின் தொடக்கம், அதாவது மூளைச் சேதத்தால் உடல் அசைவு பாதிக்கப்படும் நிலை. வெறுமனே பார்த்து எது என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் இப்போது செய்ய வேண்டிய பயிற்சி ஒன்றேதான், அதனால் முடிவு தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன், இந்த வயதில் தவறவிடவே கூடாதது இது. தூங்கி எழுந்ததும் குழந்தை திடீரென்று தலையைக் குனிந்து, இரண்டு கையையும் முன்னால் வீசி ஒரு வெட்டு வெட்டுகிறதா? சில நொடி விட்டு மறுபடி, மறுபடி, வரிசையாக வருகிறதா? வீட்டில் இதைப் பயந்துகொண்டது என்பார்கள், வயிற்றுவலி என்பார்கள், சீர் தட்டியிருக்கிறது என்று மந்திரிக்கப் போவார்கள். இது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். கை கால் உதறி நுரை தள்ளும் வலிப்புபோல் இருக்காது என்பதால்தான் வாரக்கணக்கில் தவறிப்போகிறது. பார்த்தால் உடனே செல்போனில் வீடியோ எடுங்கள், அன்றைக்கோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பைக் குறைத்துக்கொண்டாலும் அதே அவசரம்தான்.

இனி பயிற்சி. வாரம் இரண்டு நாள், ஒருமுறைக்கு முக்கால் மணி நேரம் என்றால் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் குழந்தை உங்கள் கையிலும் இடுப்பிலும் பாயிலும் இருக்கிறாள். அங்கே எப்படித் தூக்குகிறோம், கிடத்துகிறோம் என்பதில்தான் பெரும்பங்கு வேலை இருக்கிறது.

துணி மாற்றும்போது இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்காதீர்கள். அப்படிச் செய்தால் கால் இன்னும் விறைக்கும். ஒரு பக்கம் உருட்டி, துணியை உள்ளே தள்ளி, மறுபக்கம் உருட்டி எடுங்கள். ஒரு நாளில் எட்டுப் பத்து முறை துணி மாற்றுகிறீர்கள். அத்தனை முறையும் அவள் புரளக் கற்றுக்கொள்கிறாள். கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொண்டால் பாதத்தைப் பிடித்து விரிக்கக் கூடாது. முழங்காலையும் இடுப்பையும் முதலில் மடக்குங்கள், அதற்குப் பிறகு தொடையைப் பிடித்து மெதுவாக அகட்டுங்கள். மடங்கிய கால் எளிதாக விரியும், நீட்டிய கால் எதிர்த்து நிற்கும். கைக்கும் இதே நியாயம்தான். மடங்கிய கட்டை விரலை நுனியில் பிடித்து இழுத்தால் பிடி இன்னும் இறுகும். மணிக்கட்டை முதலில் லேசாக உள்பக்கம் மடக்குங்கள், விரல்கள் தானாகத் தளரும். பிறகு கட்டை விரலின் அடிப்பகுதியைப் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். விரிந்த உள்ளங்கையில் உங்கள் புடவைத் தலைப்பையோ, சுத்தமான தேங்காய்ப்பூ டவலையோ வைத்துத் தடவுங்கள்.

இடுப்பில் உட்கார வைத்துத் தூக்குவது நம் ஊர்ப் பழக்கம். இவளுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. இரண்டு காலும் உங்கள் இடுப்பின் இருபுறமும் அகன்று, முட்டி மடங்கியிருக்கும். தொடை இறுக்கத்துக்கு நாள் முழுக்க நடக்கும் நீட்சி அது. முதுகுக்கு ஒரு கை கொடுங்கள், இடது வலது என்று மாற்றி மாற்றி வையுங்கள். தோளில் நீட்டிப் போட்டுக்கொண்டு நடப்பதைக் குறையுங்கள், அதில் கால் தொங்கி விறைக்கும்.

குப்புறப் போடுவதைப் பால் குடித்தவுடன் செய்யாதீர்கள், ஒரு மணி நேரம் கழியட்டும். துண்டைச் சுருட்டி மார்புக்கு அடியில், அக்குளுக்குக் கீழே வைத்து, இரண்டு கையும் முன்னால் வருமாறு விடுங்கள். முதலில் 2, 3 நிமிடம் போதும். ஒரு நாளில் ஐந்தாறு முறை. அழுதால் எடுத்துவிடுங்கள். உங்கள் முகம் அவள் கண்மட்டத்தில் இருக்க வேண்டும், ஆகவே நீங்களும் படுத்தாக வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிலுகிலுப்பையைக் காட்டினால் இரண்டு கையும் நடுவில் சேரும். விழித்திருக்கும் நேரத்தில் சேலைத் தொட்டில் வேண்டாம். அதில் கை கால் வீச இடமில்லை, முகவாயும் நெஞ்சில் அழுந்தும்.

கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கும் விளையாட்டும், மடியில் நிறுத்திக் குதிக்க வைக்கும் விளையாட்டும் வேண்டாம். "பாரு, நல்லா ஊன்றுது" என்று வீட்டில் மகிழ்வார்கள். அவள் ஊன்றுவது கால் விரல் நுனியில். அது பலம் இல்லை, இறுக்கம். வாக்கர் இதையே நாள் முழுக்கச் செய்யும். நுனிக்காலில் தள்ளித் தள்ளிக் கெண்டைக்கால் சதை சுருங்கும், படியில் உருண்டு விழும் ஆபத்தும் உண்டு. அந்தக் காசுக்குத் தடிமனான பாய் ஒன்று வாங்குங்கள்.

அத்தையை இதில் எதிராளி ஆக்கிவிடாதீர்கள். காலை நீட்டிப் போட்டு, குழந்தையைக் குப்புறக் கிடத்தி முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை. பிசியோ சொல்லும் குப்புறப் பயிற்சியும் அதுவேதான். அந்தப் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள்: தேங்காய் எண்ணெய், இதமான சூடு, பத்து நிமிடம். கை காலை முறுக்குவது, தலைகீழாகத் தூக்குவது, மூக்கில் ஊதுவது, மூக்கிலோ காதிலோ எண்ணெய் விடுவது மட்டும் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரும். தொக்கம் எடுக்கவும் வேண்டாம். தொண்டையில் விரல் விட்டாலும் ஊதினாலும் பால் மேலேறி மூச்சுக்குழலில் போகும். முழுதாக முதிராமல் பிறந்த நுரையீரல் அது. சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது.

இரும்புச் சத்தை நிறுத்தியது தவறு, நாளையே மருத்துவரைக் கேட்டு மறுபடி தொடங்குங்கள். குழந்தை தாயிடமிருந்து இரும்பைச் சேமிப்பது கடைசி 3 மாதத்தில்; இவள் அது தொடங்கும்போதே பிறந்துவிட்டாள். கையிருப்பு மிகக் குறைவு. மலம் கருப்பது மருந்து உள்ளே போனதற்கு அடையாளம், கெடுதல் இல்லை. தார்போல் பிசுபிசுப்பாக, நாற்றத்துடன் போனால் மட்டும் காட்டுங்கள். அளவில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 மி.கி. என்பது வழக்கமான கணக்கு. 1.8 கிலோவில் வீட்டுக்கு வந்திருந்தால் அப்போது 4 மி.கி. போதுமாக இருந்திருக்கும். 5.9 கிலோவுக்கு 12 முதல் 18 மி.கி. வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று எழுதிய சொட்டையே எட்டு மாதம் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. இன்னொரு சிக்கல், பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தி வேறு. லேபிளில் '1 மி.லி.யில் எலிமென்டல் அயர்ன் (நிகர இரும்பு) இத்தனை மி.கி.' என்று போட்டிருக்கும். 1 மி.லி.யில் 25 மி.கி. என்றால் அரை மி.லி. போதும், 10 மி.கி. என்றால் 1.2 மி.லி. வேண்டும். மருந்துக்கடைக்காரர் கம்பெனி மாற்றிக் கொடுத்தால் கணக்கையும் மாற்ற வேண்டும். பால் வேளைகளுக்கு நடுவில், கன்னத்தின் உள்பக்கம் விடுங்கள். கால்சியம் சிரப்போடு சேர்க்காமல் 2 மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். வைட்டமின் டி 400 யூனிட் ஒரு வயது வரை தினமும், அதையும் நிறுத்தியிருந்தால் சேர்த்துக் கேளுங்கள்.

திட உணவுக்கு இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள், திருத்திய வயது 6 மாதம் ஆகட்டும். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளை வைத்து டெல்லியில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், திருத்திய வயது 4 மாதத்தில் தொடங்கியவர்களுக்கு எடை கூடுதலாக ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுதான் அதிகமானது. தொடங்கும்போது ராகிப் பாலை வடிகட்டித் தண்ணீராகக் கொடுக்காதீர்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் கூழ், பருப்பு மசித்த சாதம், அரை டீஸ்பூன் நெய். உப்பு, சர்க்கரை, தேன், பசும்பால் ஒரு வயது வரை வேண்டாம். இடுப்பு மடங்கி நிமிர்ந்த நிலையில் ஊட்டுங்கள், தலை பின்னால் சாய்ந்தால் புரையேறும். ஒவ்வொரு வாய்க்கும் இருமினால் விழுங்கும் பயிற்சி தருபவரிடம் காட்ட வேண்டும். 5.9 கிலோ என்பது ஐந்தரை மாதப் பெண் குழந்தைக்கு வளர்ச்சி அட்டையின் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே. மாதம் ஒருமுறை எடையோடு தலைச் சுற்றளவையும் அளக்கச் சொல்லிக் குறித்துவாருங்கள்.

கண் விஷயத்தில் இந்த வாரமே கிளம்புங்கள். லேசர் விழித்திரையைக் காப்பாற்றியிருக்கிறது, அதோடு முடியவில்லை. லேசர் ஆன கண்ணுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் வர வாய்ப்பு அதிகம், ஒரு வயதுக்குள்ளேயே கண்ணாடி தேவைப்படலாம். கண் சரியாகத் தெரியாத குழந்தை பொம்மைக்குக் கை நீட்டாது, கை நீட்டாவிட்டால் பிசியோவும் பாதிதான் பலிக்கும். கோவையில் அரவிந்த், சங்கரா இரண்டு கண் மருத்துவமனைகளும் உங்களுக்கு எட்டும் தூரம்தான். லேசர் செய்த இடத்துத் தாள்களை மறக்காதீர்கள். கருவிழிக்குள் வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

காதுக்கு, பிறந்த ஆஸ்பத்திரியில் செய்தது ஓ.ஏ.இ. மட்டும் என்றால் போதாது. அது உள்காதைச் சோதிக்கும், நரம்பைச் சோதிக்காது. காது நரம்பைச் சோதிக்கும் பெரா பரிசோதனையை 9 மாதத்துக்குள் ஒருமுறை செய்துவிடுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் திருத்திய வயதைப் பார்க்கக் கூடாது. பிறந்த தேதிக் கணக்கில் 9 மாதம் நிறைந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. 6 மாதம் தாண்டிவிட்டதால் ஃப்ளூ ஊசியும் போடலாம், 4 வார இடைவெளியில் 2 முறை. வீட்டில் உள்ள பெரியவர்களும் போட்டுக்கொண்டால் நல்லது.

தறி பற்றி. தறி ஓடும் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம், பஞ்சுத் தூசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தறிக்கூடத்தின் பக்கம் கதவு திறக்காத அறையில் அவளைப் படுக்க வையுங்கள். தறியிலிருந்து வருபவர் சட்டையை மாற்றி, கை முகம் கழுவிவிட்டுத்தான் தூக்க வேண்டும். சளி பிடித்தால், அவள் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 50-ஐத் தொட்டால் அன்றே காட்டுங்கள். விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரரின் கேள்விக்கு. நடக்கும்வரை பயிற்சி உண்டு. திருத்திய வயது 12, 18, 24 மாதங்களில் முழுப் பரிசோதனை. அதற்குமேல் இப்போது யாராவது தேதி சொன்னால் நம்ப வேண்டாம். செலவையும் அலைச்சலையும் குறைக்க வழியிருக்கிறது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இலவசம். பிசியோ, பேச்சு, காது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்கலாம். இப்போது பார்க்கும் பிசியோவிடமே, "வீட்டுல செய்யறதுக்கு எழுதிக் குடுங்க, நான் செய்யறதை வீடியோ எடுத்துக் காட்டறேன்" என்று கேளுங்கள். உங்கள் கை பழகிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று அவரே சொல்லக்கூடும். ஒரு முறையாவது வீட்டுக்காரரையும் கூட்டிப்போங்கள், அவரும் கையால் செய்து பழகட்டும்.

தறியில் நின்றதாலா என்று கேட்டிருந்தீர்கள். குறைப்பிரசவத்துக்குத் தொற்று, இரத்தக் கொதிப்பு, கருப்பை வாயின் நீளம் குறைந்துபோவது, பனிக்குடம் முன்னதாக உடைவது என்று பல காரணங்கள். பெரும்பாலும் ஒன்றைச் சுட்டிச் சொல்லவே முடியாது. தறியில் எத்தனையோ பேர் நின்று வேலை செய்து முழு மாதத்தில் பெற்றிருக்கிறார்கள். உங்கள் பிரசவச் சீட்டில் காரணம் ஏதாவது எழுதியிருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி விளக்கம் கேளுங்கள். ஒருமுறை முந்திப் பிறந்தால் அடுத்த முறையும் முந்த வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. ஆகவே குறைந்தது ஒன்றரை வருடம் இடைவெளி விடுங்கள். நாள் தள்ளிப்போனதும் முதல் சந்திப்பிலேயே "முதல் குழந்தை 29 வாரம்" என்று சொல்லிவிடுங்கள். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்த்து, 16 வாரம் தொடங்கி கருப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்துவருவார்கள். அது குறைவதாகத் தெரிந்தால் மருந்தோ தையலோ போடலாம். 24 வாரம் தாண்டிப் போய்ச் சொன்னால் அந்த வாய்ப்புகள் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும்.